மெயில் மட்டும் வைத்துக்கொண்டு வெப் படித்தார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1990களில் பிரவுசரே இல்லாமல், வெறும் ஈமெயில் அனுப்பியே இணையப் பக்கங்களைப் படித்தார்கள் என்று எங்கோ பார்த்தீர்கள், அது நிஜமா, நிஜமென்றால் எப்படி வேலை செய்தது, இப்போதும் முடியுமா? கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மெயில் வருகிற இடத்துக்கு வெப் ஏன் வரவில்லை? இன்று இரண்டும் ஒரே கம்பியில்தானே வருகின்றன? முதலில் அதைச் சொல்கிறேன். நான் பல வருடம் மெயில் சர்வர்களைப் பராமரித்தவன். அதனால் சர்வர் பக்கத்தில் நடந்ததை உறுதியாகச் சொல்ல முடியும். மறுமுனையில் உட்கார்ந்து பக்கத்துக்காகக் காத்திருந்தவர்களின் பாட்டை நான் படித்தும் கேட்டும்தான் அறிவேன்.

இணையம் என்பதன் ஒரு பகுதி மெயில் என்றுதான் இன்று எல்லோரும் நினைக்கிறோம். அன்று நிலைமை தலைகீழ்: மெயில்தான் பெரியது, இணையம் அதற்குள் ஒரு பகுதி. யூனிக்ஸ் கணினிகள் இரவில் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிய யூயூசிபி, பல்கலைக்கழகங்களின் ஐபிஎம் பெருங்கணினிகளை இணைத்த பிட்நெட், வீட்டுக் கணினிகளையும் மோடத்தையும் கொண்டு 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட் என்று பல வலையமைப்புகள் தனித்தனியே இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது மெயில் மட்டும்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லாரி லாண்ட்வெபர் அந்த வருடங்களில் எந்த நாட்டுக்கு என்ன தொடர்பு இருக்கிறது என்று ஓர் அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். அதை வைத்து வரைந்த உலக வரைபடங்களில் 'மெயில் மட்டும்' என்று தனி நிறமே உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அந்த நிறத்தில்தான் இருந்தன. இந்தியாவிலும் ஐஐடிகளையும் ஐஐஎஸ்சியையும் மும்பையின் என்சிஎஸ்டி என்ற மென்பொருள் ஆய்வு மையத்தையும் சேர்த்து 1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு, ஆரம்பத்தில் டயல்-அப் மெயிலாகத்தான் ஓடியது. பொதுமக்களுக்கு அரசு நிறுவனமான விஎஸ்என்எல்லின் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன் வெளியுலகத்தோடு பேச ஆசைப்பட்டவருக்கு அதிகபட்சம் கிடைத்தது ஒரு மெயில் முகவரி.

மெயிலுக்கும் வெப்புக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு நேரம். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது இங்கிருந்து அந்த சர்வர் வரைக்கும் பாதை முழுவதும் அந்தக் கணத்தில் திறந்திருக்க வேண்டும். மெயிலுக்கு அது தேவையில்லை. ரயிலடிக்கு ரயிலடி தபால் பையை மாற்றிவிடுவது போல, ஒரு கணினி அடுத்த கணினிக்குக் கொடுத்தால் போதும்; அது தன் வசதிப்படி நாளைக் காலை அடுத்ததற்குக் கொடுக்கும். தொலைபேசிக் கட்டணம் எரித்த ஊர்களில் இது பெரிய வரம். நாளுக்கு ஒருமுறை, கட்டணம் குறைந்த நேரத்தில், சில நிமிடம் அழைத்தாலே ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதங்கள் மொத்தமும் போய் வந்துவிடும்.

இந்தக் கடிதப் போக்குவரத்தின் மறுமுனையில் மனிதருக்குப் பதிலாக ஒரு நிரலை உட்காரவைத்தால் என்ன என்ற யோசனை வெப்பைவிடப் பழையது. 1985இல் ஜாக் டொங்காராவும் எரிக் கிராஸும் நடத்தத் தொடங்கிய நெட்லிப் அப்படிப்பட்டது. கணக்கீட்டு நிரல்கள் வேண்டுமானால் அதன் முகவரிக்கு 'செண்ட்' என்று எழுதி நிரலின் பெயரைக் குறிப்பிட வேண்டும். நிரல் கடிதமாக வந்து சேரும். பிறகு டெக் என்ற கணினி நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் பால் விக்சி எஃப்டிபிமெயில் என்ற ஒன்றை எழுதினார். 'கனெக்ட்', 'கெட்', 'க்விட்' என்று வரிவரியாகக் கட்டளைகளை எழுதி அனுப்பினால் நமக்குப் பதிலாக அது எஃப்டிபி சர்வருக்கு, அதாவது கோப்புகளைப் பகிர்வதற்கான சர்வருக்கு, போய்க் கோப்பை எடுத்து வரும். எந்தக் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று தேட, மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1990இல் பிறந்த ஆர்ச்சிக்கும் ஒரு மெயில் முகவரி இருந்தது. இன்று இயற்பியல்காரர்கள் புதிய ஆய்வுக் கட்டுரைகளுக்காகக் காலையில் எழுந்ததும் பார்க்கிற ஆர்க்கைவ் தளமே தளமாகப் பிறக்கவில்லை. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் அதைத் தொடங்கியபோது அது ஒரு மெயில் தானியங்கி. கட்டுரையின் எண்ணை எழுதி அனுப்பினால் கட்டுரை திரும்பி வரும். வெப் முகம் அதற்கு 1993இல்தான் வந்தது.

ஆகவே வெப் வந்ததும் அதையும் மெயிலில் தர வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், அது அவ்வளவு எளிதாகப் பொருந்திப்போனதில்தான். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வெப் பிறந்த ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த ஹெச்டிடிபிக்கு, அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு, ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேள், வாங்கிக்கொள், முடிந்தது. முந்தைய கேள்வியை சர்வர் மனதில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு கேள்விகளுக்கு நடுவே ஒரு நிமிடம் ஆனாலும் ஒரு வாரம் ஆனாலும் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது, அன்றைய பிரவுசரின் அமைப்பு. செர்னுக்கு வெளியே ஆரம்பத்தில் பரவியது நிக்கோலா பெல்லோ எழுதிய லைன் மோட் பிரவுசர்; மவுஸ் கிடையாது, படம் கிடையாது. பக்கத்தை எழுத்தாகக் கொட்டும். சுட்டி, அதாவது லிங்க், உள்ள சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் போடும். நீங்கள் அந்த எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போகும். இந்த வெளியீட்டை அப்படியே ஒரு கடிதத்துக்குள் ஒட்டினால் வேலை பாதி முடிந்துவிட்டது.

செர்னில் 1990களின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு மெயில் தானியங்கி இருந்தது. அதன் வழியில் வந்தது ஆர்தர் சீக்ரெட் எழுதிய அகோரா. பின்னர் வெப் தரநிலைகளைப் பார்த்துக்கொள்ள அமைந்த டபிள்யூ3சியின் சர்வரில் அது பொதுச் சேவையாக ஓடியது. பயன்படுத்துவது இப்படி: புதிய கடிதம் திறக்க வேண்டும், பொருள் வரியைக் காலியாக விடலாம், உள்ளே 'செண்ட்' என்று எழுதி வேண்டிய பக்கத்தின் முகவரியை முழுமையாக எழுத வேண்டும். 'டீப்' என்று எழுதினால் அந்தப் பக்கத்தோடு அது சுட்டுகிற பக்கங்களும் சேர்ந்து வரும். வருகிற கடிதத்தில் சுட்டிகளுக்கு எண்கள் இருக்கும். மூன்றாவதும் ஏழாவதும் வேண்டுமென்றால் அந்தக் கடிதத்துக்கே பதில் போட்டு அந்த எண்களை எழுதினால் போதும். முகவரியில் ஒரு எழுத்து பிசகினால் சில மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், பிழைச் செய்தி வரும். நாம் இன்று ஒரு சுட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு 'இதில்லை' என்று உடனே திரும்பி வருகிறோமே, அந்தச் சொகுசு அவர்களுக்கு இல்லை. எதைக் கேட்பது என்று அனுப்புவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். வந்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டும்.

எழுத்து வரைக்கும் சரி. படமோ நிரலோ வேண்டுமென்றால்தான் வேதனை. மெயிலின் அடிப்படை விதியை வகுத்த 1982ஆம் வருட ஆவணம் ஏழு பிட் எழுத்துகளுக்கு, அதாவது சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்குத்தான் உத்தரவாதம் தந்தது. வழியில் எந்தக் கணினி வேண்டுமானாலும் எட்டாவது பிட்டை நறுக்கிவிடலாம், நறுக்கின. அதனால் கோப்பை முதலில் யூயூஎன்கோடு செய்வார்கள்: மூன்று பைட்டை நான்கு சாதாரண எழுத்தாக மாற்றுவது. வரி முடிவுகளையும் சேர்த்தால் 100 கிலோபைட் கோப்பு ஏறக்குறைய 138 ஆகிவிடும். பல இடைநிலைக் கணினிகள் 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கடிதத்தைத் தொடாது. ஆகவே அது மூன்று கடிதமாக வெட்டப்பட்டு வரும், பெரும்பாலும் வரிசை மாறி. எடிட்டரில் திறந்து, ஒவ்வொன்றின் தலைப்பகுதியையும் நீக்கி, ஒட்டி, திரும்ப அவிழ்க்க வேண்டும். இரண்டாவது துண்டு வராவிட்டால் மற்ற இரண்டும் குப்பை. பிட்நெட் வழியாக வந்தால் இன்னொரு வில்லங்கம்: ஐபிஎம் கணினிகளின் எழுத்து அட்டவணையே வேறு என்பதால் சில குறியீடுகள் வழியில் உருமாறிவிடும். மெயிலில் கோப்புகளை இணைப்பதற்காக 1992இல் வந்த மைம் தரநிலை, அப்படிக் கெடாத எழுத்துகளை மட்டும் பயன்படுத்தும் பேஸ்64 என்ற மாற்றுமுறையை எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் இந்தத் தொல்லைகள்தான் இருக்கின்றன. தமிழுக்கும் இதே அடி விழுந்தது. எட்டாவது பிட்டை நம்பிய தமிழ் எழுத்துருக்களில் எழுதிய கடிதம் சில பாதைகளில் கந்தலாகிப் போய்ச் சேரும்; மயிலை போன்ற ஏழு பிட் எழுத்துரு அதே பாதையில் சேதமில்லாமல் போகும்.

அகோரா தனி ஆள் இல்லை. அயர்லாந்தில் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒன்று, ஜெர்மனியின் ஜிஎம்டி ஆய்வு நிறுவனத்தில் ஒன்று என்று பல இருந்தன. கட்டளைச் சொற்கள் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு: ஒன்றில் 'செண்ட்', ஒன்றில் 'கெட்', ஒன்றில் 'கோ'. இவற்றையெல்லாம் தொகுத்து பாப் ராங்கின் 1994இல் ஒரு வழிகாட்டி எழுதி, தொடர்ந்து திருத்தி வந்தார். பிறகு பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்த வழிகாட்டியை வாங்குவதற்கும் எம்ஐடியில் இருந்த ஒரு தானியங்கிக்கு மெயில்தான் அனுப்ப வேண்டும். மெயில் மட்டும் வைத்திருப்பவருக்கு எழுதியது என்பதால் அதுவே நியாயம்.

என் மதிப்பில் இந்தக் கதையின் கனமான பகுதி இரண்டு சேவைகளில் இருக்கிறது. ஒன்று கெட்வெப். இருதய மருத்துவரும் அணுப்போர் எதிர்ப்பாளருமான பெர்னார்ட் லோன் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய சாட்டலைஃப் என்ற அமைப்பு நடத்தியது. ஆப்பிரிக்க மருத்துவர்களுக்கு மருத்துவச் செய்திகளைக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. ஃபிடோநெட் முறையையும், தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் சிறு செயற்கைக்கோளையும் அது பயன்படுத்தியது. 1993இல் ஏவிய ஹெல்த்சாட்-2 அதில் ஒன்று. தலைக்கு மேலே அது கடக்கும் சில நிமிடங்களில் தரை நிலையம் கடிதங்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். இப்படித் தொடர்பு வைத்திருக்கும் மருத்துவமனைக்கு நேரடி வெப் சாத்தியமே இல்லை. கடிதத்தில் பக்கம் சாத்தியம். இன்னொன்று டபிள்யூடபிள்யூடபிள்யூ4மெயில். இத்தாலியின் திரியெஸ்தேயில், அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் 1990களின் இறுதியில் உருவானது. ஏழை நாட்டு விஞ்ஞானிகளுக்காகவே இருக்கிற இடம் என்பதால் அவர்களுடைய தேவை அங்கே இருந்தவர்களுக்கு நேரடியாகத் தெரியும். பக்கத்தை வெப்பின் சொந்த வடிவமான ஹெச்டிஎம்எல் ஆகவே அனுப்பும். சுட்டியை அமுக்கினால் மெயில் நிரல் திறந்து அடுத்த கோரிக்கை தயாராக நிற்கும். தேடல் படிவங்களையும் நிரப்பி அனுப்ப முடிந்தது. அகோராவின் எண் விளையாட்டிலிருந்து இது வெகுதூரம் முன்னேறியது.

சர்வர் பக்கத்து அவஸ்தைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை மூடப்பட்டதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. மெயிலில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். ஒரு விஷமி உங்கள் முகவரியைப் போட்டு ஐம்பது பெரிய பக்கங்களைக் கேட்டால் உங்கள் பெட்டி நிரம்பும். வசவு தானியங்கி நடத்துபவருக்கு வரும். 'விடுமுறையில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் போடும் முகவரியிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால் இன்னும் அழகு. தானியங்கி பக்கத்தை அனுப்பும், அந்தப் பக்கம் விடுமுறைச் செய்தி அனுப்பும், அதைப் புரியாத கட்டளை என்று இது உதவிக் குறிப்பு அனுப்பும், அதற்கும் விடுமுறைச் செய்தி வரும். யாராவது கண்டுபிடித்து நிறுத்துகிறவரை இரண்டு இயந்திரங்களும் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கும். இதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, கடிதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தார்கள். அந்தரங்கமும் கிடையாது: நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது தானியங்கி நடத்துபவருக்குத் தெரியும், வழியில் உள்ள ஒவ்வொரு கணினியின் நிர்வாகிக்கும் தெரியும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இரண்டு விஷயங்களை மட்டும் சந்தேகத்தோடு படியுங்கள். அகோராதான் முதன்முதல் மெயில் பிரவுசர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். செர்னின் முந்தைய தானியங்கியைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது. பெயர் வைத்து, மற்றவர்களும் நிறுவிக்கொள்ளும்படி வெளிவந்த நிரல்களில் முன்னோடி என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். அடுத்து, இதை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று வரும் எண்கள். பிடிவாதமாக ஒரு எண் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு துறையே இருந்திருக்கலாம். ஒரே ஆள் ஐந்து தானியங்கிகளிடம் கேட்டிருக்கலாம்.

வேகமான இணைப்பு வந்ததால் இவை செத்தன என்பது பாதி உண்மைதான். என் பார்வையில், இணைப்பு வராத ஊர்களுக்கும் இவை பயன்படாமல் போனதற்குக் காரணம் வெப்பே மாறியது. 1996இல் நெட்ஸ்கேப் 2.0 பிரவுசர், ஒரே திரையில் பல பக்கங்களைச் சேர்த்துக் காட்டும் ஃப்ரேம்களையும், பக்கத்துக்குள்ளேயே ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டையும் கொண்டு வந்தது. ஃப்ரேம் வைத்த பக்கத்தைக் கேட்டால் 'உங்கள் பிரவுசர் ஃப்ரேம்களை ஆதரிக்கவில்லை' என்ற ஒற்றை வரி கடிதமாக வரும். அதற்கு ஒரு நாள் காத்திருந்திருப்பீர்கள். வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள தளம் பிரவுசரிடம் விட்டுவைக்கும் குக்கீ வந்ததும் ஹெச்டிடிபியின் மறதியும் போயிற்று. உள்நுழைந்தால்தான் காட்டுவேன் என்ற தளத்துக்கு நடுவில் நிற்கும் தானியங்கி உங்கள் கடவுச்சொல்லைச் சுமக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படிக்கிற ஆவணமாக இருந்தவரை பக்கம் கடிதத்துக்குள் அடங்கியது. ஓடுகிற நிரலாக மாறியபின் அடங்கவில்லை.

இப்போதும் முடியுமா என்றால், கடலில் இன்றும் நடக்கிறது. சிறு பாய்மரப் படகில் சமுத்திரம் கடப்பவர்கள் சிற்றலை வானொலி மோடத்தில் மெயில் அனுப்புகிறார்கள். வேகம் 1990களின் மோடத்தைவிடக் குறைவு. அவர்களுக்காக ஓடுவது செய்ல்டாக்ஸ். 'செண்ட்' என்று எழுதி அட்சரேகை, தீர்க்கரேகை எல்லைகளைக் கொடுத்தால் அந்தக் கடற்பரப்பின் காற்று முன்னறிவிப்பு சில கிலோபைட் கோப்பாக வரும். அதே தானியங்கியிடம் வெப் முகவரியைக் கொடுத்தால் பக்கத்தின் எழுத்தை மட்டும் உரித்து அனுப்பும். அமெரிக்க வானிலைத் துறையும் கடலோடிகளுக்காக எஃப்டிபிமெயில் என்ற அதே பழைய பெயரில் ஒரு சேவையை நெடுங்காலம் நடத்தியது. கரையில் இருப்பவர்களில் ரிச்சர்ட் ஸ்டால்மன், பெரும்பாலான பக்கங்களைத் தான் ஒரு நிரலுக்கு மெயில் போட்டுத்தான் வரவழைப்பதாகத் தன் தளத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய காரணம் வேகம் இல்லை, கொள்கை.

நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஒரு மாலை போதும். ஒரு லினக்ஸ் கணினி, அதற்கென்று தனி மெயில் முகவரி, லிங்க்ஸ் என்ற எழுத்து பிரவுசர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் பிறந்த லிங்க்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. டம்ப் என்ற விருப்பத்தோடு இயக்கினால் பக்கத்தை எழுத்தாகக் கொட்டி, சுட்டிகளுக்கு எண் போட்டு, கடைசியில் முகவரிப் பட்டியலும் தரும். வரும் கடிதத்தில் முகவரியைப் பிடுங்கி லிங்க்ஸிடம் கொடுத்து, வந்ததைப் பதிலாக அனுப்ப இருபது முப்பது வரி நிரல் தேவைப்படும். மூன்று காவல்களைத் தவறாமல் வையுங்கள்: உங்கள் சொந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் பதில், தானியங்கிப் பதில் என்று தலைப்பகுதி சொன்னால் மௌனம், கடிதத்துக்கு அளவு வரம்பு. வரும் முகவரி ஹெச்டிடிபி அல்லது ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினிக்குள் இருக்கும் கோப்பையே கேட்டு வாங்கிவிட முடியும். தமிழ்ப் பக்கங்களுக்கு லிங்க்ஸின் வெளியீட்டு எழுத்துமுறையையும் பதில் கடிதத்தின் எழுத்துமுறையையும் தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். ஒன்றை விட்டாலும் கேள்விக்குறிகளோ கந்தல் எழுத்துகளோ வந்து சேரலாம்.